தடைக்காலம் முடிந்த இரவு

மஞ்சக்குப்பத்தில் டயர் கடைக்கு மேல்மாடி.
என் கணினியில் ஒரு இரவை வைத்திருக்கிறேன்.
மூன்றே முக்கால் மணி நேரம்,
பதினோராயிரத்துச் சொச்சம் கோரிக்கைகள்,
மொத்தம் இருநூறு எம்பி கூட இல்லை.

ஜூன் பதினான்கு.
முதுநகரில் இரண்டு மாதம் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் எல்லாம்
ஒரே நேரத்தில் ஐஸ் கேட்டு
எங்கள் தளத்தைத் தட்டிய இரவு.
தட்டியதைத் தட்டிய வரிசையில் பிடித்துவைத்தோம்.

யாராவது நிரலில் ஒரு வரி மாற்றினால் போதும்,
அந்த இரவை முதலிலிருந்து ஓட்டுவேன்.
அன்று கேட்டதே கேள்வி, அன்று சொன்னதே பதில்.
அப்படியே வந்தால் பச்சை.
வேகத்தைக் கூட்டிவிட்டால்
டீ ஆறுவதற்குள் விடிந்துவிடும்.

அதற்கு முன் கொஞ்சம் பொய் சொல்லியாக வேண்டும்.
சர்வரின் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தி
இன்னும் ஜூன்தான் என்று நம்பவைக்க வேண்டும்.
வெளியே ஐப்பசி மழை, கெடிலம் இரு கரையும் தொட்டு ஓடுகிறது.
வங்கி இருந்த இடத்தில் ஒரு பொம்மை வங்கி,
அன்று வங்கி சொன்னதை ஒப்பிக்கும், கணக்கு பார்க்காது.
பெயர்களை அழித்தாயிற்று.
கைபேசி எண்கள் எல்லாம் ஒன்பதுகள்.
ஐஸை மட்டும் தொடவேயில்லை,
நானூறு தடவை விற்றும் ஒரு பார் கூடச் சொட்டவில்லை.

பெயர் போனாலும் ஆள் போவதில்லை.
ஒருவர் ஒரே பொத்தானை ஏழு தடவை அழுத்துகிறார்,
ஏழாவதற்கு முன் மட்டும் நாற்பது விநாடி நிற்கிறார்.
பீடி பற்றவைத்திருப்பார் என்பாள் மெஹருன்னிசா.
இன்னொருவர், படகின் பெயர் கேட்ட கட்டத்தில்
'அண்ணே சீக்கிரம்' என்று எழுதியிருக்கிறார்.
அதையும் விடாமல் அனுப்புகிறேன்.
சர்வரும் ஒவ்வொரு முறையும் பணிவாகச் சொல்கிறது:
அப்படி ஒரு படகு இல்லை.

பிறகு இவர்.
11:19க்கு நாற்பது பார். ரத்து.
11:33க்கு இருபத்தைந்து. ரத்து.
11:42க்குப் பத்து.
பணம் எங்கோ குறைந்துகொண்டே வந்திருக்கிறது,
டீசலுக்கோ, பழைய கடனுக்கோ. எனக்குத் தெரியாது.
பத்துக்கு எங்கள் பதில்:
உங்கள் படகுக்கான அளவு முடிந்தது.
அதன்பின் அந்த ஒன்பதுகளிடமிருந்து எதுவும் வரவில்லை.

நாலு மாதம் அந்தப் பதில் பிசகாமல் வந்தது.
நானும் பச்சை என்று எழுதிவிட்டு
ஏழு மணி பஸ் பிடித்தேன்.

போன வியாழக்கிழமை சிவப்பு.
பதினோராயிரத்தில் ஒன்றே ஒன்று.
எதிர்பார்த்தது: அளவு முடிந்தது.
வந்தது: பத்து பார் ஒதுக்கப்பட்டது.

படகுக்கு எழுபது என்று அன்றைக்கு வரம்பு.
ரத்தானதையும் வாங்கியதாகவே கூட்டிவைத்திருந்தோம்.
காலையில் மெஹருன்னிசா வேறு எதையோ திருத்தப்போக
இதுவும் தானாகத் திருந்திவிட்டது.
ஒரு பார் கூட எடுக்காத மனிதரிடம்
உன் பங்கு முடிந்தது என்று
நானூறு தடவை சொல்லியிருக்கிறோம்.
முதல் தடவை மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கலியபெருமாள் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து:
"என்னம்மா சிவப்பு? எது உடைஞ்சுது?"
"உடையல சார். சரியாயிடுச்சு. அதனால சிவப்பு."
"அப்போ புதுசை ஏத்துக்கிட்டு மூடு.
ஆறு மணிக்கு வெளியிடணும்."

ஒன்பதுகளுக்கு அழைக்க முடியாது.
எண்களை அழிக்கும் நிரலை எழுதியதே நான்தான்,
திரும்ப எடுக்க வழியில்லாதபடி,
நன்றாகவே எழுதியிருந்தேன்.

'புதிய பதிலே சரி' என்ற பொத்தானை அழுத்தினேன்.
பழைய வரி போய்விட்டது.

இப்போது தினமும் 11:42க்கு
அவருக்குப் பத்து பார் கிடைக்கிறது.
அதன்பின்னும் அவர் எதுவும் பேசுவதில்லை.
பதிவில் அவ்வளவுதான் இருக்கிறது.